கையொப்பம்: வாசிக்கக்கூடியது

ஓல்டன் ரயில் நிலையத்து மாடிக் கடையில்
இரண்டு காப்பியும் ஆறிவிட்டன.
கொர்னேலியா ஏகெர்ட்டர் கோப்பைத் திறக்கவில்லை,
என் பக்கம் தள்ளிவைத்தார்.
பதினொரு மாதம் என்றார்.
விண்ணப்பம், கடவுச்சீட்டின் நகல்,
கன்டோன் அலுவலகத்தில் ஒரு பெண்ணோடு ஒரு மணி நேரம்,
தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்று
இரண்டு முறை கேட்டாளாம்,
பிறகு கொழும்புக்கு ஒரு கடிதம்,
பிறகு ஒன்றுமில்லை,
பிறகு இது.

என் கூலி வரிக்கணக்கு.
ஐம்பத்தைந்து எழுத்து ஒரு வரி,
இடைவெளியும் எழுத்துத்தான்.
சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

பிறந்த இடம்: தோட்டம், மேற்பிரிவு, ஆறாம் லயன்.
லயனுக்கு ஜெர்மனில் என்ன போடுவது?
தொடர்வீடு என்றால்
ஜன்னலில் பூந்தொட்டி வந்துவிடும்.
லயன் என்றே விட்டு அடிக்குறிப்பு எழுதினேன்:
பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே கூரை, பல குடும்பம்.

தகப்பன்: ஒரு கோடு.
கோட்டுக்கு மொழி இல்லை.
ஆனாலும் போட்டேன், அதே நீளத்தில்.

தாய்: செவனம்மா. வயது பத்தொன்பது.
தொழில்: கொழுந்து பறித்தல்.
பிள்ளையின் பெயர்: பவளக்கொடி.

சொல்லுங்கள் என்றார்.
சொன்னேன்.
பவலகொடி, என்றார்.
நாக்கை மடித்து அண்ணத்தில் தொடுங்கள், என்றேன்.
பக்கத்து மேசைக்காரர் பத்திரிகையை இறக்கிப் பார்த்தார்.
மூன்றாம் தரம் சரியாக வந்தது.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
செலவாகிவிடும் என்பதுபோல்.

அடுத்த தாளில்தான் எனக்குக் கை நின்றது.

பதிவேட்டில் செவனம்மா கைநாட்டு.
நீல மை, ஓரத்தில் சற்று இழுபட்டது.
ஆறு வாரம் கழித்து
கொழும்பு நீதிமன்றச் சம்மதப் பத்திரத்தில்
அதே செவனம்மா கையெழுத்து வைக்கிறாள்,
சாய்ந்த எழுத்து, அழுத்தமான சுழி,
கீழே ஒரு வீச்சு வேறு.
ஆறு வாரத்தில் இப்படி எழுதப் பழகியவர் யாரும்
எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை.

விதிப்படி எழுதினேன்.
முதல் தாள்: பெருவிரல் அடையாளம்.
இரண்டாம் தாள்: கையொப்பம், வாசிக்கக்கூடியது.
வேறொன்றும் எழுதவில்லை.

அவருக்கு ஆராவில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை.
நாளுக்கு நாற்பது கையெழுத்துப் பார்ப்பவர்.
இரண்டு தாளையும் அருகருகே வைத்தார்.
அன்றைக்கு வந்தது யார்? என்றார்.
யாரோ.
காலையில் சேலை கட்டி
மதியம்வரை தாயாக இருக்கச் சொன்னார்கள்,
இருந்திருக்கிறாள்.
அவளுக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள்?
தெரியாது என்றேன்.

சொல்லாத ஒன்று உண்டு.
என் பிறப்புப் பத்திரம் கொடிகாமத்தில் வீட்டோடு எரிந்தது.
பெர்னில் இரண்டு பேர் வந்து ஒப்பமிட்டார்கள்,
இன்ன நாளில் இன்னாருக்குப் பிறந்தவன் இவன் என்று.
இருவரையும் நான் சந்தித்தது அதற்கு முந்தின கிழமை.
அதிகாரி முத்திரை குத்தினார்.
அந்தப் பொய்யில்தான் குடியிருக்கிறேன்.
அதனால் அந்த அழகான சுழியை
முழுதாக வெறுக்க வரவில்லை எனக்கு.

இது எந்தக் கை? என்றார் திடீரென்று,
கைநாட்டின்மேல் விரல் படாமல்.
குனிந்து பார்த்தேன்.
மைக்குக் கீழே, பென்சிலில், பாதி அழிந்து,
இ.பெ.
இடது பெருவிரல்.
நான் விட்டுவிட்டேன்.
குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவன்.

திருத்தி ஒரு சொல் சேர்த்தேன்: இடது.
பில்லில் ஏற்றவில்லை.

ஐந்து முப்பத்திரண்டு ரயில்.
ஏறும்போது
பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு
இடது கையால் கம்பியைப் பிடித்தார்.
அதை எழுத
எந்தப் படிவத்திலும் இடமில்லை.